சேர்ப்பவரும் குவிப்பவரும்

பலூன் சுடும் துப்பாக்கி என்று சொன்னால் நம்மில் எல்லாருக்கும் தெரியும். சென்னைக் கடற்கரை மணலில் ஒரு பலகை, அதில் வரிசை வரிசையாகப் பலூன்கள், எதிரே ஒரு பழைய துப்பாக்கி. காசு கொடுத்தால் கடைக்காரர் அதை மடக்கி, ஒரு சிறு ரவையைப் போட்டு நம் கையில் கொடுப்பார். குறி தவறினால் குழல் கோணல் என்று நாம் சொல்லுவோம். கை கோணல் என்று அவர் சொல்லுவார். காற்றுத் துப்பாக்கியோடு நம்முடைய பரிச்சயம் பெரும்பாலும் அந்த அளவோடு நின்றுவிடுகிறது.

கதை படிப்பவர்களுக்கு இன்னொரு காற்றுத் துப்பாக்கியும் நினைவுக்கு வரலாம். கோனன் டாயில் 1903-ல் எழுதிய 'காலி வீடு' கதையில், கண் தெரியாத வான் ஹெர்டர் என்ற ஜெர்மானியக் கம்மியன் செய்து கொடுத்த துப்பாக்கி அது. சத்தமில்லாமல் சுடும். கர்னல் மோரன் அதை வைத்துக்கொண்டு ஷெர்லக் ஹோம்ஸைக் கொன்றுவிட்டதாக நினைத்து ஒரு மெழுகுப் பொம்மையைச் சுட்டு மாட்டிக்கொள்கிறான். கடைசியில், அந்தத் துப்பாக்கி ஸ்காட்லண்டு யார்டு காட்சிசாலைக்கு ஓர் அலங்காரமாகப் போய்ச் சேரும் என்று ஹோம்ஸ் சொல்கிறார். கொலைக் கருவி ஒரே வாக்கியத்தில் காட்சிப் பொருளாகிவிடுகிறது. சிறு பிள்ளையாக இதைப் படித்தபோது எனக்குச் சற்று ஏமாற்றமாக இருந்தது. அதை ஹோம்ஸே வீட்டில் வைத்துக்கொண்டிருக்கலாமே என்று தோன்றியது.

அப்படித் தோன்றுகிறவர்கள் இங்கிலாந்திலும் ஜெர்மனியிலும் அமெரிக்காவிலும் ஏராளமாக இருக்கிறார்கள். பேரன் பேத்தி எடுத்த பெரியவர்கள் பழைய காற்றுத் துப்பாக்கிகளைத் தேடித் தேடி வாங்கி வைக்கிறார்கள். அவர்களைக் கேலி செய்வது என் நோக்கமல்ல. தபால் தலைக்கும் நாணயத்துக்கும் உள்ள நியாயம் துப்பாக்கிக்கும் உண்டு. என் கவனத்தை இழுத்தது வேறு விஷயம். அவர்களுக்குள்ளேயே ஒரு கேள்வி ஓயாமல் இருந்துகொண்டிருக்கிறது: சேர்ப்பது எங்கே முடிகிறது, குவிப்பது எங்கே தொடங்குகிறது? ஏறக்குறைய இருநூறு வருஷங்களாக நாவலாசிரியர்களும் இந்தக் கேள்வியைத் தொட்டிருக்கிறார்கள். அவர்கள் சொன்ன பதில் சரிதானா என்று இந்தத் துப்பாக்கிகளை வைத்துப் பார்க்கலாமே என்று பட்டது.

வார்த்தையை முதலில் தெளிவுபடுத்திக்கொள்கிறேன். 'பதுக்கல்' என்றால் நமக்கு அரிசி மண்டிக்காரர்தான் ஞாபகத்துக்கு வருவார். அவருக்குக் கணக்குத் தெரியும். விலை ஏறினால் விற்றுவிடுவார். நான் சொல்லுகிறவர் விலை ஏறினாலும் விற்கமாட்டார், இறங்கினாலும் விற்கமாட்டார். ஆகவே அவரைக் குவிப்பவர் என்று வைத்துக்கொள்வோம். மற்றவர் சேர்ப்பவர்.

பி. எஸ். ஏ. என்ற மூன்று எழுத்துக்கள் நமக்குச் சைக்கிளைத்தான் நினைவூட்டும். பர்மிங்காம் நகரத்தில் 1861-ல் துப்பாக்கி செய்வதற்காகத் தொடங்கிய கம்பெனி அது. சைக்கிள் பிற்பாடு வந்தது. மூன்று துப்பாக்கிகளை ஒன்றன்மேல் ஒன்று சாய்த்து நிறுத்திய படம்தான் அதன் வியாபார முத்திரை. லிங்கன் ஜெஃப்ரீஸ் என்ற அதே ஊர்த் துப்பாக்கிக் கம்மியர் 1904-ல் பதிவு செய்துகொண்ட ஓர் அமைப்பை எடுத்து, 1905-லிருந்து அந்தக் கம்பெனி காற்றுத் துப்பாக்கி செய்து விற்றது. அதே பர்மிங்காமில் வெப்ளி கம்பெனி 1924-ல் காற்றில் இயங்கும் கைத்துப்பாக்கி ஒன்றைக் கொண்டுவந்தது. 1932-ல் ஒரே துப்பாக்கிக்கு மூன்று அளவுக் குழல்களை மாற்றி மாற்றிப் பொருத்திக்கொள்ளும்படி 'சர்வீஸ்' என்ற மாதிரியைச் செய்தது. சேர்ப்பவர்கள் தேடும் சரக்குகளில் இவை முக்கியமானவை.

இவற்றின் உள்ளமைப்பு நமக்கு அந்நியமானதல்ல. சைக்கிளுக்குக் காற்று அடிக்கும் பம்பைத்தான் உள்ளே வைத்திருக்கிறார்கள். நாம் கையால் அழுத்துகிறோம்; அங்கே ஒரு வலுவான ஸ்பிரிங் அழுத்துகிறது. நெம்புகோலை இழுத்தால் ஸ்பிரிங் சுருங்கி மாட்டிக்கொள்ளும். விசையைத் தட்டினால் அது விரிந்து பிஸ்டனைத் தள்ளும். எதிரே நெருக்கப்பட்ட காற்று ரவையை உந்திக்கொண்டு போகும். பிஸ்டன் முனையில் பம்பில் இருப்பது போலவே ஒரு தோல் வாஷர் உண்டு. பம்பை மூலையில் போட்டுவிட்டு ஒரு வருஷம் கழித்து எடுத்தால் என்ன ஆகும் என்று எல்லாருக்கும் தெரியும். வாஷர் காய்ந்து சுருங்கியிருக்கும். எவ்வளவு அழுத்தினாலும் காற்றுப் பக்கவாட்டில் ஓடிவிடும். இரண்டு சொட்டு எண்ணெய் விட்டு நாலு தரம் அடித்தால் பிழைத்துக்கொள்ளும். துப்பாக்கிக்கும் அதேதான். எண்ணெய் காணாமல், சுடப்படாமல் கிடந்தால் தோல் காய்ந்துவிடும். அந்த நிலையில் சுட்டால் தடுக்கும் காற்று இல்லாமல் பிஸ்டன் நேரே போய் மோதும், இயந்திரமே கெடும். பழைய காற்றுத் துப்பாக்கி, உபயோகித்தால் உயிரோடிருக்கிற சாமான். இந்த ஒரு விவரத்தை வாசகர் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இன்னொன்று வாங்கத் தூண்டும் காரணங்களுக்கும் குறைவில்லை. ஒரே மாதிரியில் நீளமானது, குட்டையானது, எடை குறைந்தது என்று பல உண்டு. முத்திரையில் ஓர் எழுத்து மாறியிருக்கும். நெம்புகோலின் கைப்பிடி மாறியிருக்கும். இவற்றையெல்லாம் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் தொழிலாளியின் யோசனை எப்படி வளர்ந்தது என்று தெரியும். இது வெறும் சாக்கு அல்ல. அமெரிக்கரான டபிள்யூ. ஹெச். பி. ஸ்மித் 1957-ல் உலகத்துக் காற்றுத் துப்பாக்கிகளைப் பற்றி ஒரு பெரிய புத்தகமே வெளியிட்டார். இப்படிப்பட்ட பைத்தியங்கள் எங்கோ இருந்து ஒவ்வொன்றாகச் சேர்த்திராவிட்டால் அதற்கு விஷயம் ஏது?

ஆனால் 'வரிசையில் இது ஒன்று குறைகிறது' என்ற வாக்கியத்துக்குப் பக்கத்து வீட்டில் இன்னொரு வாக்கியம் குடியிருக்கிறது: 'உடைந்ததானால் என்ன, உதிரிக்கு ஆகும்.' முதல் வாக்கியத்துக்கு ஒரு முடிவு உண்டு. வரிசை நிறைந்துவிட்டால் அது வாயை மூடிக்கொள்ளும். இரண்டாவதற்கு முடிவே கிடையாது. உலகத்தில் எந்தச் சாமான்தான் எதற்காவது உதிரியாக ஆகாது?

நாவலாசிரியன் என்ற உரிமையில் பர்மிங்காமில் இரண்டு பேரைக் கற்பனை செய்து பார்க்கிறேன். இரண்டு பேருக்கும் அறுபது வயது. இரண்டு பேரிடமும் நாற்பது துப்பாக்கிகள்.

முதல்வர் வீட்டுக்குப் போனால் ஒரு நோட்டுப் புத்தகத்தைக் காட்டுகிறார். எந்தத் துப்பாக்கி எந்த வருஷம் யாரிடம் வாங்கியது, எப்போது வாஷர் மாற்றியது என்று எழுதியிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை தோட்டத்தில் அட்டையைக் கட்டி, முறை வைத்து நாலைந்தைச் சுடுகிறார். இரட்டையாக வந்ததை விற்றுவிட்டுத் தம்மிடம் இல்லாததை வாங்குகிறார். பக்கத்துத் தெருப் பையன் வந்து கேட்டால், கையில் கொடுத்து எப்படிப் பிடிப்பது என்று சொல்லித் தருகிறார்.

இரண்டாமவர் வீட்டில் நாம் கேட்டால்கூடத் துப்பாக்கியைப் பார்க்க முடியாது. கட்டிலுக்கடியில் பத்து, பரண்மேல் பதினைந்து. மிச்சம் எங்கே என்று அவருக்கே சந்தேகம். எண்ணெய்த் துணியில் சுற்றிக் கட்டியிருக்கிறார். ஒரே மாதிரியில் ஆறு இருக்கின்றன, ஆறும் சுடாது. சாப்பாட்டு மேஜையில் ஸ்பிரிங்குகள் கிடப்பதால் மனைவி தட்டை மடியில் வைத்துக்கொண்டு சாப்பிடுகிறாள். கேட்டால், வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் எல்லாவற்றையும் ஒரு நாள் சரி செய்யப் போவதாகச் சொல்கிறார். ஓய்வு பெற்றுப் பல வருஷம் ஆகிவிட்டது என்பதை மனைவி எடுத்துச் சொல்வதில்லை.

இவர்களைப் பிரிக்கும் கோடு எது? எண்ணிக்கை அல்ல, இரண்டும் நாற்பதுதான். விலையும் அல்ல, இரண்டாமவரின் பரணில் முதல்வரிடம் இல்லாத அருமையான துப்பாக்கி ஒன்று இருக்கலாம். இடம் பற்றியதா என்று பார்க்கலாம். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013-ல் வெளியிட்ட நோய்ப் பட்டியலின் ஐந்தாம் பதிப்பு, குவிக்கும் பழக்கத்தைத் தனி வியாதியாகவே வகுத்திருக்கிறது. மதிப்பு இருக்கிறதோ இல்லையோ, எதையும் விட மனம் வராமை. வாழும் அறைகளை அவற்றின் காரியத்துக்கு உபயோகிக்க முடியாதபடி சாமான் அடைத்துக்கொள்ளுதல். அதனால் விளையும் துன்பம் - இவை அடையாளங்கள். மடியில் தட்டை வைத்துச் சாப்பிடும் மனைவியை மருத்துவர்களும் கண்டுகொண்டிருக்கிறார்கள் என்பதில் எனக்குத் திருப்தி. ஆனால் மருத்துவருக்கு வியாதி முற்றிய பிறகுதான் வேலை. அது எப்படித் தொடங்கிற்று என்று பார்ப்பது நாவலாசிரியன் வேலை.

இந்த இடத்தில் கோகோலிடம் போகவேண்டும். 1842-ல் வெளிவந்த 'செத்த ஆத்மாக்கள்' நாவலின் ஆறாவது அத்தியாயத்தில் ப்ளூஷ்கின் வருகிறான். ஆயிரத்துக்கு மேல் அடிமைக் குடியானவர்களை உடைய மிராசுதார். ஆனால் பார்த்த மாத்திரத்தில் கதாநாயகன் அவனை வீட்டு வேலைக்காரி என்று நினைத்துவிடுகிறான். தெருவில் கிடக்கும் பழைய செருப்பின் அடித்தோல், ஆணி, ஓட்டாஞ்சல்லி எல்லாவற்றையும் பொறுக்கிவந்து அறை மூலையில் குவிக்கிறான். அவன் நடந்துபோன தெருவைப் பெருக்கவேண்டிய அவசியமில்லை என்று ஊரார் சொல்லுகிறார்கள். களஞ்சியத்தில் தானியம் மக்குகிறது, மாவு கல்லாகிவிட்டது, துணியைத் தொட்டால் தூளாகிறது.

இந்தப் பாத்திரத்தைப் புகழாத விமரிசகர் இல்லை. ஆனால் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. இப்படி ஒரு பூதத்தைக் காட்டினால் படிக்கிறவன் சிரித்துவிட்டு, 'நான் இப்படி இல்லை' என்று நிம்மதியாகப் புத்தகத்தை மூடிவிடுகிறான். பரணில் பதினைந்து துப்பாக்கி வைத்திருப்பவரும் அப்படித்தான் மூடுவார். ஓட்டாஞ்சல்லியும் வெப்ளி கைத்துப்பாக்கியும் ஒன்றா என்று கேட்பார்.

கோகோலைக் காப்பாற்றுவது இரண்டு சிறு இடங்கள். ஒன்று, ப்ளூஷ்கினின் பழைய கதை. ஒரு காலத்தில் அவன் சிக்கனமான நல்ல குடும்பஸ்தன். அவனிடம் குடித்தனம் செய்யும் முறையைக் கற்றுக்கொள்ள அண்டை அயலார் வந்தார்கள். மனைவி இறந்தாள், மூத்த பெண் ஒரு பட்டாளத்து அதிகாரியோடு போய்விட்டாள், பிள்ளை பட்டாளத்தில் சேர்ந்தான், இளைய பெண்ணும் இறந்தாள். வீட்டில் மனிதர்கள் குறையக் குறையச் சாமான் ஏறுகிறது. இன்னோர் இடம், விருந்தாளிக்குத் தன் கடிகாரத்தைப் பரிசாகக் கொடுக்கலாம் என்று அவன் நினைக்கிற இடம். நினைத்தவன் உடனே மனத்தை மாற்றிக்கொள்கிறான். இப்போது கொடுப்பதைவிட, செத்த பிறகு சேரும்படி உயிலில் எழுதிவைத்தால் ஞாபகார்த்தமாக இருக்குமாம்! இந்த ஒரு வரிக்காகக் கோகோலின் காலில் விழலாம். கொடுக்கும் ஆசை அவனுக்குள் இன்னும் சாகவில்லை. கை மட்டும்தான் நீளவில்லை.

பால்ஸாக் ஐந்து வருஷம் கழித்து, 1847-ல், 'தாயாதி போன்ஸ்' எழுதினார். போன்ஸ் ஏழைச் சங்கீதக்காரன். பாரிஸ் கடைகளில் அலைந்து அலைந்து, எந்தச் சாமானுக்கும் நூறு பிராங்குக்கு மேல் கொடுப்பதில்லை என்ற விரதத்தோடு, சுமார் 1,900 கலைப் பொருள்களைச் சேர்த்துவிட்டான். ஒவ்வொன்றும் அவனுக்குத் தெரியும், ஒவ்வொன்றையும் காதலிக்கிறான். அவனைக் குவிப்பவன் என்று யாரும் சொல்ல முடியாது. இருந்தும் பால்ஸாக் அவனை ஓர் ஆபத்தான இடத்தில் நிறுத்துகிறார். அந்தச் செல்வத்தை அவன் பெரும்பாலும் தனியே அனுபவிக்கிறான். கதவைத் திறந்து பிறரைக் கூட்டிவந்து காட்டுவதில் அவனுக்கு மனமில்லை. நோயில் விழுந்ததும் வீட்டுக் காவல்காரி, பழைய இரும்புக் கடைக்காரன், வக்கீல், உறவினர் எல்லாரும் கழுகுகளாகச் சூழ்கிறார்கள். ஒரே நண்பனான ஷ்முக்கேவுக்கு எழுதிவைத்தும் பயனில்லை. அவனும் ஏமாற்றப்பட்டு இறக்கிறான். அவனை அவமானப்படுத்திய உறவினர் வீட்டுக்கே எல்லாம் போய்ச் சேர்கிறது.

உயிரோடிருக்கும்போது போன்ஸ் அந்த உறவுக்காரிக்கு ஓர் அருமையான விசிறியைப் பரிசாகக் கொடுத்திருந்தான். வாட்டோ என்ற ஓவியன் வரைந்தது. அதன் அருமை அப்போது அவளுக்குப் புரியவில்லை. கதை முடிகிறபோது அதைப் பெருமையோடு ஊராருக்குக் காட்டிக்கொண்டிருக்கிறாள். இதைப் பால்ஸாக்கின் கசப்பு என்பார்கள். நான் அப்படி மட்டும் படிக்கவில்லை. அந்த விசிறி கண்ணில் படுகிறது, பிறர் பார்க்கிறார்கள். தகாத கையில் இருந்தாலும் அது விசிறியாக இருக்கிறது.

கோகோலையும் பால்ஸாக்கையும் ஒன்றாக வைத்துப் பார்த்தால், கேள்விக்கு எனக்கு ஒரு பதில் கிடைக்கிறது. ஒரு பொருளை அந்தப் பொருளாகவே இருக்க விடுகிறவர் சேர்ப்பவர். துப்பாக்கி சுட வேண்டும்; ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்குப் போக வேண்டும்; அதன் கதை எங்காவது எழுதப்பட வேண்டும்; காலம் வந்தால் வீட்டைவிட்டுப் போகவும் வேண்டும். இவற்றுக்கு இடம் கொடுக்காதபோது, இருப்பது ஒன்றே ஒன்றானாலும், அது குவியல்தான். குறளில் 'நன்றியில் செல்வம்' என்று ஓர் அதிகாரமே உண்டு. பயன்படாத பொருளைப் பற்றி நம்மவர்களுக்குப் புதிதாகச் சொல்ல எதுவும் இல்லை. காற்றுத் துப்பாக்கி அதற்கு ஓர் இயந்திர சாட்சி சொல்லுகிறது, அவ்வளவுதான். அதன் தோல் வாஷர் பொய் சொல்லாது.

குவிப்பவர் தரப்பிலும் ஒரு வாதம் உண்டு. அதை மறைப்பது நேர்மையல்ல. ஸர் தாமஸ் பிலிப்ஸ் என்ற ஆங்கிலப் பிரபு உலகத்திலுள்ள ஒவ்வொரு புத்தகத்திலும் ஒரு பிரதி வேண்டும் என்று ஆசைப்பட்டவர். சுமார் 60,000 கையெழுத்துப் பிரதிகளைச் சேர்த்தார், வீட்டில் நடமாட இடமில்லை, கடன்காரர்கள் காத்திருந்தார்கள். 1872-ல் இறக்கும்போது, ஷேக்ஸ்பியர் ஆராய்ச்சியாளரான மருமகன் ஹாலிவெல் தம் நூலகத்துக்குள் நுழையக்கூடாது என்று உயிலில் எழுதிவைத்தார். வைக்கோற்போர் நாய் என்று திட்டலாம். ஆனால் அந்தக் காலத்தில் பழைய தோல் ஏடுகளைத் தங்கத் தகடு அடிப்பவர்கள் தொழிலுக்காக வாங்கி அழித்துக்கொண்டிருந்தார்கள். பிலிப்ஸ் வாங்கியிராவிட்டால் அவற்றில் எத்தனை மிஞ்சியிருக்கும்? அவர் குவியலைப் பிரித்து விற்க நூறு வருஷத்துக்கு மேலாயிற்று. இன்று பல நூலகங்கள் அதனால் வாழ்கின்றன.

துப்பாக்கிக்கும் இது பொருந்தும். ஸ்காட்லாந்தில் 2016 டிசம்பர் 31 முதல் காற்றுத் துப்பாக்கி வைத்திருக்கச் சான்றிதழ் வேண்டும் என்று சட்டம் வந்தது. அதற்கு முன்பே ஆயிரக்கணக்கான துப்பாக்கிகளைப் பொதுமக்கள் போலீஸாரிடம் ஒப்படைத்தார்கள். சட்டத்தை மதித்த நல்ல குடிமக்கள் செய்த காரியம், குறை சொல்வதற்கில்லை. ஆனால் அந்தக் குவியலில் தாத்தா காலத்து அபூர்வம் ஒன்றிரண்டு அழிந்திருக்கக்கூடும் என்று நினைத்தால், பரணில் பதினைந்தை ஒளித்துவைத்த நம் இரண்டாமவர்மேல் எனக்குக் கொஞ்சம் இரக்கம் வருகிறது. எதையும் விடத் தெரியாதவர்தான் சில சமயம் எல்லாரும் விட்டதைக் காப்பாற்றுகிறார்.

ஆனாலும் பிலிப்ஸின் ஏடுகள் உலகத்துக்குப் பயன்பட்டது அவர் குவித்ததால் மட்டும் அல்ல. அவருக்குப் பிறகு வந்தவர்கள் பிரித்ததால். குவிப்பவர் செய்யும் நன்மை அவர் செத்த பிறகே தொடங்குகிறது. அதற்குள் காகிதமானால் தாங்கலாம். தோல் வாஷர் தாங்காது, ஸ்பிரிங் துருப்பிடிக்கும். மனைவியின் ஆயுளும் யாருக்காகவும் காத்திருக்காது. சாப்பாட்டு மேஜை இல்லாமல் அவள் கழித்த வருஷங்களை எந்தக் காட்சிசாலையும் திருப்பித் தராது. முதல்வரும் இந்தக் கோட்டுக்கு நிரந்தரமாக அப்பால் நிற்பவர் அல்ல. கை நடுங்கத் தொடங்கி, பையன் வருவது நின்று, நோட்டில் எழுதுவதும் நின்றுபோனால், அதே நாற்பது துப்பாக்கி ஒரே வருஷத்தில் குவியலாகிவிடும். ப்ளூஷ்கினுக்கு நேர்ந்ததும் அதுதானே? ஆகையால் இதைக் கோடு என்று சொல்வதே தவறோ என்று படுகிறது. இது ஒரு சரிவு. அதில் நாம் எல்லாரும் எங்கோ ஓரிடத்தில் நின்றுகொண்டிருக்கிறோம்.

நாம் என்று சொல்லிவிட்டு என்னை மட்டும் விலக்கிக்கொள்வது அழகல்ல. என்னிடம் துப்பாக்கி கிடையாது; புத்தகம் உண்டு. 'செத்த ஆத்மாக்கள்' ஆங்கில மொழிபெயர்ப்பில் என்னிடம் இரண்டு பிரதிகள் இருக்கின்றன. போன வருஷம் ஓர் இளம் எழுத்தாளர் வந்து, படித்துவிட்டுத் தருகிறேன் என்று ஒன்றைக் கேட்டார். அலமாரியில் எங்கே இருக்கிறதோ, தேடி எடுத்து வைக்கிறேன் என்று சொல்லி அனுப்பினேன். எங்கே இருக்கிறது என்று எனக்கு அப்போதே தெரியும். இரண்டாவது பிரதி எதற்கு வேண்டும் என்று அன்று நான் என்னைக் கேட்டிருந்தால், உதிரிக்கு ஆகும் என்றுதான் பதில் சொல்லியிருப்பேன்.

இந்தக் கட்டுரைக்காக அந்த இரண்டாவது பிரதியைத்தான் எடுத்துப் படித்தேன். கடிகாரம் வருகிற பக்கத்தில் பூச்சி அரித்திருந்தது, எழுத்துக்குச் சேதமில்லை. அந்த இளைஞரின் விலாசம் என்னிடம் இருக்கிறது. நாளைக்குத் தபாலில் அனுப்பிவிட வேண்டும். நாளைக்கு என்று எழுதுகிறேனே, அதுதான் சற்றுப் பயமாயிருக்கிறது.